பனியிலே பாதை வெட்டிய பெரியவர்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

யாம் புலவர் அல்லேம்; மேடையில் பழகியவரும் அல்லேம். மெட்ரிக்குலேஷன் வரை படித்துவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட ஓர் எழுத்தர். இம்மேடையிலே வள்ளுவரைப் பற்றியும் இளங்கோவடிகளைப் பற்றியும் பேச வல்ல பெரியோர்கள் பேசிச் சென்றிருக்கிறார்கள். அவர்கள் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, யாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் பனிச்சறுக்கு விளையாட்டு. இதனைக் கேட்டதும் நம் செயலாளர் அவர்கள் திகைத்தார்கள். “வைகாசி வெயிலில் தார்ச்சாலை உருகுகின்ற ஊரய்யா இது, இங்கே பனிச்சறுக்கைப் பற்றிக் கேட்பவர் யார்?” என்று வினவினார்கள். அவர்கள் வினாவிலே நியாயம் உண்டு. ஆயினும் கால் மணி நேரம் பொறுத்தருளுமாறு வேண்டுகிறோம். பேச்சு பனியிலே தொடங்கினாலும், நம் சங்கத்தின் வாயிலிலே வந்து முடியும்.

முதலில், இப்பொருள் எம்மிடம் வந்த வகையைச் சொல்லிவிடுகிறோம். எம் தந்தையார் இப்பகுதியில் குறும்பாதைக் கிளைத்தடம் ஒன்றிலே கீமேனாக வேலை பார்த்தவர். இங்குள்ள பெரியோர்கள் பலர் அவரை அறிவீர்கள். தோளிலே சுத்தியல், கையிலே ஸ்பானர், இடுப்பிலே சிவப்புக் கொடி. விடிவதற்கு முன்பே தம் பீட் முழுவதும் நடந்து, தளர்ந்த சாவிகளை அடித்து இறுக்கிவிட்டு வருவார். அத்தடம் மூடப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்ற மழைக்காலத்தில், அதன் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்த கணக்கு எம் மேசைக்கு வந்தது. இத்தனை டன் இரும்பு, இத்தனை ஸ்லீப்பர் கட்டை என்று எழுதிக் கூட்டிப் போட்டோம். கூட்டல் சரியாக வந்தது. மனம் சரியாக இல்லை. மூடப்பட்ட இரயில் தடங்கள் பிற நாடுகளில் என்ன ஆயின என்று அன்றிரவு தேடிப் படித்தோம். கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்துத் தடம் ஒன்று கண்ணிற்பட்டது. அத்தடத்தின் வரலாற்றைப் பின்பற்றிச் சென்றபோது, நூற்றுப் பதினொரு வயது வரை வாழ்ந்து, அவ்வயதின் பெரும்பகுதியைச் சறுக்குப் பலகையின் மேலேயே கழித்த ஒரு பெரியவர் எதிர்ப்பட்டார். அவர் பெயர் ஹெர்மன் ஸ்மித் யோஹான்சன்.

பனி என்றால் நமக்கு மார்கழிப் பனி. புல் நுனியிலே முத்தாய் நின்று, கதிரவன் எழுந்ததும் மறைவது. யாம் இங்கே சொல்வது வானிலிருந்து பஞ்சு போலப் பெய்து, மாதக்கணக்கில் ஆளுயரத்திற்குக் குவிந்து கிடக்கும் வெண்பனி. அதிலே காலை வைத்தால் தொடை வரை புதையும். நடக்க இயலாது, வண்டியும் ஓடாது. அத்தகைய நாட்டு மக்கள் கண்ட உபாயமே சறுக்குப் பலகை. ஆளுயரத்திற்கு மேற்பட்ட நீளமும் கை அகலமும் உள்ள இரண்டு பலகைகளைக் கால்களிலே பூட்டிக்கொண்டால், உடலின் எடை பரந்து நிற்கும்; கால் புதையாது. ‘ஸ்கீ’ என்னும் சொல்லுக்குப் பழைய வட ஐரோப்பிய மொழியிலே பிளந்த மரத்துண்டு என்பதே பொருள்.

இவ்விளையாட்டிலே இரு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று, மலையுச்சிக்கு எந்திரத்தின் உதவியால் ஏறி, அங்கிருந்து அம்புபோல் கீழே பாய்வது. திரைப்படங்களிலே நாம் காண்பது பெரும்பாலும் இதுவே. மற்றொன்று, ஊரிலிருந்து ஊருக்குக் காடு, வயல், ஏரி, குன்று எல்லாவற்றையும் தன் கால் வலிமையாலேயே கடந்து செல்வது. இதனை நெடுவழிப் பனிச்சறுக்கு எனலாம். இதிலே பலகையோடு காலின் முன்பகுதி மட்டுமே பூட்டப்படும். குதிகால் நடப்பவனுக்கு இருப்பதுபோல் தூக்கி வைக்குமாறு விடுதலையாய் இருக்கும்.

பலகை வழுக்கவும் வேண்டும். மேட்டிலே ஏறும்போது வழுக்காமல் பிடிக்கவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டும் ஒரே பலகையிலே எவ்வாறு கூடும்? யாம் வியந்து படித்த செய்தி இது. பலகையின் நடுப்பகுதி வில்லைப்போல் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அவ்வளைவின் அடியிலே மெழுகு பூசுவார்கள். ஒரு காலை ஊன்றி உந்தும்போது உடலின் எடை முழுவதும் அதன்மேல் இறங்க, வளைவு தாழ்ந்து மெழுகு பனியைத் தொடும். பனித்துகள்களின் கூரிய முனைகள் மெழுகிலே பதிந்து பிடி கிடைக்கும். எடை நீங்கியதும் வளைவு நிமிர்ந்து மெழுகு மேலெழும்ப, பலகை வழுக்கிக்கொண்டு ஓடும். புதிதாய்ப் பெய்த குளிர்ந்த பனிக்குக் கெட்டியான மெழுகு. வெயில் பட்டு நனைந்த பழம்பனிக்குப் பிசுபிசுப்பான மெழுகு. காலையிலே வாயிற்கதவைத் திறந்ததும் பனியைக் கையிலே எடுத்துப் பார்த்து, இன்றைக்கு எம்மெழுகு என்று தேர்வதே ஒரு கலை. கைகளிலே ஊன்றிச் செல்ல இரு கோல்கள். அக்காலத்தில் அவை பெரும்பாலும் மூங்கிற்கோல்கள்.

யோஹான்சன் 1875-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் நார்வே நாட்டின் ஹோர்ட்டன் என்னும் துறைமுக ஊரிலே பிறந்தார். அந்நாட்டுப் பிள்ளைகள் நடை பழகிய கையோடு சறுக்கும் பழகிவிடுவார்கள். அவருக்குப் பதின்மூன்று வயதாயிருந்த 1888-ஆம் ஆண்டில், அவர் நாட்டவரான நான்சென் என்பார் கிரீன்லாந்தின் பனிப்பாலையைச் சறுக்குப் பலகைகளின் துணையோடு குறுக்கே கடந்தார். அச்செயலால் உலகமே அப்பலகையைத் திரும்பிப் பார்த்தது. அத்தகைய காலத்திலே வளர்ந்த யோஹான்சன், ஜெர்மனியின் பெர்லின் நகரிலே பொறியியல் கற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, கிளீவ்லண்ட் நகரிலே கனரக எந்திரங்கள் விற்கும் தொழிலிலே அமர்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிழைப்பைத் தேடிக் கடல் கடந்தவர்கள் நார்வே நாட்டவரிலே பலர். அவர்கள் பெட்டியிலே துணிமணி கொண்டு போனதுபோல், நெஞ்சிலே இக்கலையையும் கொண்டு போனார்கள். அவருக்கு முன்னரே ஒருவர் இருந்தார். நார்வேயிலே பிறந்து சிறுவயதிலே அமெரிக்கா சென்ற அவரை ‘ஸ்னோஷூ தாம்சன்’ என்று அழைத்தார்கள். 1856 முதல் 1876 வரை ஏறத்தாழ இருபது குளிர்காலங்கள், சியரா நெவாடா மலைத்தொடரைச் சறுக்குப் பலகையிலே கடந்து அஞ்சல் மூட்டையைச் சுமந்தவர் அவர். அதற்கு உரிய ஊதியத்தை அரசாங்கம் அவருக்கு முறையாகக் கொடுக்கவே இல்லை. அஞ்சல் வண்டி ஓட்டும் இரயில்வேத் தோழர்களுக்கு அவருடைய அருமை விளங்கும்.

யோஹான்சனும் எந்திரம் விற்கப் போன இடம் எது என்று நினைக்கிறீர்கள்? கனடாவின் வடக்குக் காடுகளிலே இரயில் தடம் போட்டுக்கொண்டிருந்த முகாம்கள்! சாலையில்லாத அக்காட்டிலே, ஒரு முகாமிலிருந்து மறு முகாமுக்கு அவர் சறுக்குப் பலகையிலேயே சென்றார். அம்மண்ணின் பழங்குடியினரான கிரீ மக்களோடு பழகினார். வலைபின்னிய பனிநடைக் காலணியிலே அம்மக்கள் செல்லும் காட்டிலே, நீண்ட பலகைகளில் இவர் குதித்தும் தாவியும் செல்வதைக் கண்டு, முயல் என்று அவருக்குப் பெயரிட்டார்கள். அதுவே பின்னர் ‘ஜாக்ராபிட்’ என்று ஆங்கிலத்திலே நிலைத்தது. தாய் தந்தையர் இட்ட பெயரை மறந்தவர்கள்கூட இப்பெயரை மறக்கவில்லை. வந்தேறிய நாட்டின் மக்கள் அன்போடு இட்ட பெயரைத் தாங்கி வாழ்வது ஒரு பேறு.

அவர் சில காலம் லேக் பிளாசிட் என்னும் அமெரிக்க மலையூரிலே குடும்பத்தோடு வாழ்ந்து, அங்கும் காட்டுப் பாதைகளைத் தேடித் திரிந்தார். 1920-களின் இறுதியிலே கனடாவின் மான்ட்ரியல் நகருக்குக் குடிபெயர்ந்தார். அடுத்து வந்தது உலகையே உலுக்கிய பொருளாதார வீழ்ச்சி. ஆலைகள் மூடப்பட்டன, எந்திரம் வாங்குவார் இல்லை. வசதியாய் வாழ்ந்த பொறியாளரின் தொழில் சரிந்தது. மனைவியோடும் மூன்று மக்களோடும் நகரை விட்டு, வடக்கேயுள்ள லாரன்ஷியன் மலைப்பகுதிக்குச் சென்று எளிய வாழ்க்கையை மேற்கொண்டார். அப்போது அவர் ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர். நம்மிலே பலர் ஓய்வூதியக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டு, இனி என்ன இருக்கிறது என்று பெருமூச்சு விடும் வயது. அவருடைய வாழ்விலே நாம் நினைவுகூரத் தக்க பணி அந்த வயதிலேதான் தொடங்கியது.

அப்பணியை விளக்குமுன், அவ்வூர்களின் இரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மான்ட்ரியலுக்கு வடக்கே சேன் ஜெரோம் என்னும் ஊருக்கு 1876-இல் இரயில் வந்தது. லபெல் என்ற பாதிரியார், தம் மக்கள் பிழைப்புக்காக அயல்நாடு செல்லாமல் வடக்கு மலைகளிலேயே குடியேறி வாழ வேண்டுமென்று விரும்பி, அவ்விரயிலுக்காகப் பெரிதும் பாடுபட்டார். அத்தடம் மெல்ல மெல்ல மலைகளிடையே வளர்ந்து, 1909-இல் மோன் லோரியே என்னும் ஊரை அடைந்தது. சேன் ஜெரோமிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். மக்கள் அதனை ‘வடக்கின் சிறிய இரயில்’ என்று செல்லமாக அழைத்தார்கள். 1920-களிலும் 1930-களிலும் குளிர்கால வார இறுதிகளிலே, மான்ட்ரியல் நகரத்தார் சறுக்குப் பலகைகளோடு அவ்விரயிலிலே கூட்டங்கூட்டமாக ஏறினார்கள். அவர்களுக்கென்றே தனி வண்டிகள் விடப்பட்டன. ஒரு நிலையத்திலே இறங்கி, காட்டு வழியே சறுக்கிச் சென்று, மாலையிலே வேறொரு நிலையத்திலே வண்டி ஏறித் திரும்புவார்கள்.

இரயில் இருந்தது, மக்கள் இருந்தார்கள், ஊருக்கு ஊர் விடுதிகளும் இருந்தன. இல்லாதது ஒன்றே: இவற்றை இணைக்கும் ஒழுங்கான பாதை. யோஹான்சன் அதனைச் செய்ய முற்பட்டார். 1930-களின் முற்பகுதியிலே, ஷாபிரிட்ஜ் என்று அந்நாளில் வழங்கிய ஊரிலிருந்து வடக்கே லாபெல் என்னும் ஊர் வரை, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமுள்ள நெடும்பாதையை அவர் வகுத்தார். கனடாவின் சின்னமாகிய மேப்பிள் இலையின் பெயரையே அப்பாதை பெற்றது. விடுதியிலிருந்து விடுதிக்குச் சென்று, இரவு தங்கி, மறுநாள் மீண்டும் புறப்படும் வகையில் அமைந்த பாதை அது. களைத்தவர் இடையிலே இறங்கி இரயில் நிலையத்தை அடையவும் கூடும்.

பாதை வகுத்தார் என்று ஒரு சொல்லிலே சொல்லிவிட்டோம். அச்சொல்லின் உள்ளே எவ்வளவு உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதைக் கீமேனின் மகனாகிய யாம் சற்றே அறிவோம். பனிப்பாதை குளிர்காலத்திலே பயன்படுவது. ஆனால் அது உருவாவது பனியில்லாக் காலத்திலே. நிலம் தெரியும்போதே புதரை வெட்ட வேண்டும். விழுந்த மரத்தை அறுத்து அகற்ற வேண்டும். எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், இறக்கத்தின் அடியிலே நிற்க இடம் உண்டா, குதிரை வண்டிக்காரர் போகும் பழைய மரம்வெட்டிப் பாதை எங்கே வந்து சேர்கிறது என்று கால்களாலேயே அளந்து பார்க்க வேண்டும். வழி தவறாதிருக்க மரங்களிலே அடையாளம் இட வேண்டும். காடும் வயலும் பிறருக்கு உரியவை ஆதலால், குடியானவர்களின் நல்லெண்ணத்தையும் பெற வேண்டும். இவ்வளவும் செய்தபின் ஓராண்டு சும்மா இருந்தால், புதர் மீண்டும் மூடிக்கொள்ளும். எம் தந்தையார் இறுக்கிய சாவி மறுநாளே தளர்ந்திருக்கும். மறுநாளும் போய் அடிப்பார். வண்டியிலே போகிறவர் எவரும் அவரை நினைத்ததில்லை. தடத்தைக் காப்பவன் வேலைக்கு முடிவு என்பது கிடையாது. தடம் மூடப்படும் நாளே அதன் முடிவு.

இவ்வாறு வகுத்த பாதை செழித்து நின்றதா? நின்றது, ஆனால் நெடுங்காலம் நிற்கவில்லை. அதே 1930-களின் தொடக்கத்தில், அதே ஷாபிரிட்ஜிலே, மற்றொரு புதுமை தோன்றியது. அலெக்ஸ் ஃபாஸ்டர் என்பார் பழைய மோட்டார்க் காரின் எஞ்சினைக் கொண்டு கயிறு ஒன்றைச் சுழலச் செய்தார். அக்கயிற்றைப் பற்றிக்கொண்டால் போதும். அது குன்றின் உச்சிக்கு இழுத்துச் சென்றுவிடும். வட அமெரிக்காவின் முதல் கயிற்றிழுவைகளிலே ஒன்று அது. சிறு கட்டணம் கொடுத்தால் ஏறும் உழைப்பு மிச்சம். நாள் முழுவதும் இறங்கும் இன்பம் மட்டும். மக்கள் எதனை விரும்புவார்கள்? மெல்ல மெல்லக் காட்டுப் பாதைகள் வெறிச்சோடின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மோட்டார்க் கார்கள் பெருகின, நெடுஞ்சாலை வந்தது, பனி இரயில்கள் குறைந்தன, நகரத்தாரின் ஓய்வு இல்லங்கள் காடுகளிலே எழுந்தன. மேப்பிள் இலைப் பாதையைச் சாலைகளும் வேலிகளும் பல இடங்களிலே துண்டாடின.

தாம் பாடுபட்டு வகுத்த பாதையிலே புல் முளைப்பதைத் தம் கண்ணாலேயே காண்பது எளிதான காரியம் அன்று. வேறொருவராயிருந்தால் கசந்து வீட்டினுள் அமர்ந்திருப்பார். யோஹான்சன் அமரவில்லை. எழுபது வயதிலும் சறுக்கினார், எண்பதிலும் சறுக்கினார். வந்தவர்க்கெல்லாம் வழி காட்டினார், இளைஞர்க்குக் கற்பித்தார். தாம் ஒருவராகவேனும் அப்பாதையிலே தடம் பதித்துக்கொண்டிருந்தார். ஒருவர் நடந்துகொண்டிருக்கும் வரை அது பாதையே.

இவ்வாறு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. பிறகு காலம் திரும்பியது. கனடாவின் நூற்றாண்டு விழா ஆண்டாகிய 1967-இல், ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தூரத்தை இரண்டு நாட்களிலே கடக்கும் கனடிய ஸ்கீ மாரத்தான் தொடங்கியது. யோஹான்சனுக்கு அவ்வாண்டு தொண்ணூற்றிரண்டு வயது. 1970-களிலே இளைஞர்கள் மீண்டும் நெடுவழிப் பனிச்சறுக்கை நாடி வந்தார்கள். கட்டணமும் கயிறும் இல்லாத அந்த எளிய விளையாட்டைக் கற்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது, அதனை அறிந்த ஒருவர் பலகையின் மேலேயே நின்றுகொண்டிருந்தார்! 1972-இல் கனடா அரசு ‘ஆர்டர் ஆஃப் கனடா’ என்னும் உயரிய விருதை அவருக்கு அளித்தது. 1982-இல் அந்நாட்டு விளையாட்டுப் பெருமக்கள் மன்றத்திலே அவர் பெயர் இடம் பெற்றது. நூறு வயதைக் கடந்த பின்னரும் அவர் சறுக்கிக்கொண்டிருந்தார். 1987 ஜனவரி 5-ஆம் நாள், தாய்நாடாகிய நார்வேக்குச் சென்றிருந்தபோது, நூற்றுப் பதினொன்றாம் வயதிலே மறைந்தார். அவர் உடல் கியூபெக்கின் மலையூராகிய சேன் சோவேரிலே அடக்கம் செய்யப்பட்டது. பிறந்த மண்ணிலே உயிர் பிரிந்தாலும், பாதை வெட்டிய மண்ணே அவரைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. அவருடைய மூத்த மகளார் ஆலிஸ் யோஹான்சன் தந்தையாரின் வரலாற்றை நூலாக எழுதினார். அது 1993-இல் வெளிவந்தது.

இவ்வளவு பெருமைகளிலும் எம் மனத்தைக் கவர்ந்தது விருது அன்று. கனடாவிலே சிறுவர் சிறுமியர்க்கு நெடுவழிப் பனிச்சறுக்கைக் கற்பிக்கும் திட்டம் நாடு முழுவதும் நடைபெறுகிறது. அதன் பெயர் ‘ஜாக்ராபிட்’. வார இறுதியிலே தொண்டர்கள் முன்வந்து, பிள்ளைகளுக்குப் பலகை பூட்டி விழவும் எழவும் பழக்குகிறார்கள். அத்தொண்டர்களிலே பலர் அப்பிள்ளைகளின் தாய் தந்தையரே. தாம் எவர் பெயரைத் தாங்கியிருக்கிறோம் என்பதைக்கூட அக்குழந்தைகளிலே பலர் அறியார். அறியாவிட்டால் என்ன? அவர்கள் காலிலே பலகை இருக்கிறதே!

யாம் தேடிப் போன இரயில் தடத்தின் கதையையும் சொல்லி முடிக்கிறோம். வடக்கின் சிறிய இரயில் 1980-களின் இறுதியிலே அறவே நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. அங்கும் எவரோ ஓர் எழுத்தர் இத்தனை டன் என்று கூட்டியிருப்பார். ஆனால் அம்மக்கள் தடத்தை விற்றுத் துண்டாக்கவில்லை. 1996-இல் அதனை நெடும்பூங்காவாகத் திறந்தார்கள். கோடையிலே மிதிவண்டி, குளிர்காலத்திலே அதன் தெற்குப் பகுதியிலே நெடுவழிப் பனிச்சறுக்கு. பழைய நிலையக் கட்டடங்கள் சிலவற்றிலே இன்று பயணிகள் அமர்ந்து இளைப்பாறுகிறார்கள். இரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்றம் மென்மையானது. முதியோரும் சிறுவரும் எளிதிலே செல்லலாம். ஒரு காலத்தில் சறுக்குவோரைச் சுமந்து சென்ற தடமே, இன்று அவர்கள் காலுக்குப் பாதையாய்க் கிடக்கிறது. லேக் பிளாசிட் பகுதியிலும் அவர் பெயராலேயே ஒரு நெடும்பாதை விளங்குகிறது. மேப்பிள் இலைப் பாதையோ முழுவதும் மீளவில்லை. இழந்த பகுதிகள் இழந்தவையே. எஞ்சிய துண்டுகளிலே இன்றும் மக்கள் செல்கிறார்கள்.

நம் நாட்டிலும் இமயத்தின் மடியிலே குல்மார்க், ஆலி முதலிய இடங்களிலே பனிச்சறுக்கு வளர்ந்து வருகிறது. 2018-ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியாங்சாங் நகரிலே நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், ஜகதீஷ் சிங் என்னும் நம் நாட்டு வீரர் 15 கிலோமீட்டர் நெடுவழிப் போட்டியிலே கலந்துகொண்டார். ஆதலின் இவ்விளையாட்டு நமக்கு முற்றிலும் அயலானது அன்று.

அன்பர்களே! பனி நம் சங்கத்தின் வாயிலிலே வந்து முடியும் என்று தொடக்கத்திலே வாக்களித்தோம். அதனை நிறைவேற்றும் வேளை வந்தது.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நீங்கள் அறிவீர்கள். தமிழ்நாட்டை விட்டு வந்த கீமேனின் மகனாகிய யாம் ‘அ’ எழுதப் பழகியது அவ்வகுப்பிலேதான். பள்ளிக்கூடத்திலே இந்தி, வீதியிலே இந்தி. தமிழ் எமக்குக் கிடைத்தது இச்சங்கத்தின் பின்கட்டிலே, சிலேட்டுப் பலகையிலே. அந்நாளில் இடம் போதாமல் திண்ணையிலும் பிள்ளைகள் அமர்ந்திருந்தோம். சென்ற ஆண்டு அவ்வகுப்பிலே இருந்தவர்கள் நால்வர். சில ஞாயிறுகளிலே இருவர். பிள்ளைகளுக்கு டியூஷன் இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது, எளிதான கயிறு எத்தனையோ இருக்கின்றன. எவரையும் குறை கூற யாம் வரவில்லை. ஏனென்றால், ‘போதிய வருகை இன்மையால் வகுப்பை நிறுத்தி வைக்கலாம்’ என்று செயற்குழுவுக்குத் தீர்மானம் எழுதிக் கொடுத்ததே யாம்தான். எழுத்தர் அல்லவா? அழகான கையெழுத்திலே, வருகைக் கணக்கோடு எழுதினோம். அதிலும் கூட்டல் சரியாகவே இருந்தது.

அத்தீர்மானம் குழுவின் முன் வருவதற்கு முன்னரே யோஹான்சன் எம்மைத் தடுத்துவிட்டார். பாதையிலே போகிறவர் தொகையைக் கணக்கிட்டு அவர் பாதையைக் காத்திருந்தால், 1940-களிலேயே கோடரியைக் கீழே போட்டிருப்பார். திரும்பி வந்த இளைஞர்க்கு வழிகாட்ட ஆளே இருந்திராது. நம் பிள்ளைகள் இன்று வரவில்லை. அவர்கள் முப்பது வயதிலே, தம் பாட்டனார் எழுதிய கடிதம் ஒன்றைப் பெட்டியிலே கண்டு, இதனைப் படிக்கத் தெரியவில்லையே என்று வருந்தி ஒருநாள் வரக்கூடும். அன்று இந்தப் பின்கட்டின் கதவு திறந்திருக்குமா, பூட்டியிருக்குமா என்பதே கேள்வி. எம் தந்தையாரின் தடத்தை யாம் காக்க இயலவில்லை. அது எம் கையிலும் இல்லை. இவ்வகுப்பு நம் கையிலே இருக்கிறது.

யாம் எழுதிய தீர்மானத்தைத் தலைவரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டோம். அவர்கள் ஒரு சொல்லும் கேளாமல் கொடுத்தார்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பு நடைபெறும். அலமாரிச் சாவி எம்மிடம் இருக்கிறது. நால்வர் வந்தாலும் நடைபெறும். ஒருவர் வந்தாலும் நடைபெறும். எவரும் வாராவிட்டால், கதவைத் திறந்து, தூசியைத் தட்டி, பன்னிரண்டு மணி வரை அமர்ந்திருந்துவிட்டுத் திரும்புவோம். கற்பிக்க வல்ல தாய்மார்கள் மாதத்திற்கு ஒரு ஞாயிறு வந்தாலும் பேருதவியாகும். எமக்கு இலக்கணம் அவ்வளவாக வாராது; சந்திப்பிழை திருத்துவார் ஒருவர் வேண்டும்.

 முன்வரிசைக் குழந்தைகளே, இதோ நாடகம் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மறவாதீர்கள்.